ராடருக்குத் தப்பும் விமானங்களும் கணக்குக்குத் தப்பும் பணமும்

2025 ஜூன் 14ஆம் திகதி இரவு திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அழையா விருந்தாளி ஒன்று வந்திறங்கியது. பிரித்தானியாவின் எச்.எம்.எஸ். பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்குரிய எப்-35பி ரகப் போர்விமானம் ஒன்று மோசமான காலநிலையினால் கப்பலுக்குத் திரும்ப முடியாமல் அங்கே தரையிறங்கியது. திரும்பிச் செல்ல ஆயத்தமானபோது அதில் கோளாறு இருப்பது தெரியவந்தது. கப்பலில் இருந்து வந்த பொறியியலாளர்களால் அதைச் சீர்செய்ய முடியவில்லை. பிரித்தானியாவில் இருந்து தனியான குழுவொன்று உபகரணங்களுடன் ஜூலை 6ஆம் திகதி வந்து சேர்ந்த பின்னரே விமானம் கொட்டகைக்குள் இழுத்துச் செல்லப்பட்டது. ஜூலை 22ஆம் திகதிதான் அது மீண்டும் வானேறியது.

ஐந்து வாரங்களுக்கும் மேலாக, அதில் பெரும்பகுதி கேரளத்துத் தென்மேற்குப் பருவமழையில் நனைந்தபடி, இந்தியப் படையினரின் காவலில் நின்ற அந்த விமானம் சமூக ஊடகங்களுக்கு நல்ல தீனியானது. 'இந்த ஊரை விட்டுப் போக மனமில்லை' என்று விமானமே சொல்வதுபோல கேரள சுற்றுலாத்துறை விளம்பரம் ஒன்றையும் வெளியிட்டது. ராடரின் கண்ணில் மண்ணைத் தூவும் விமானம் எனப்படுவதை இந்திய விமானப்படையின் வான்பாதுகாப்பு வலையமைப்பு கண்டுகொண்டது என்றும் சிலர் பெருமைப்பட்டனர். சமாதான காலப் பறப்புகளில் இத்தகைய விமானங்கள் தங்களை மற்றவர்கள் காணவேண்டும் என்பதற்காகவே ராடர் அலைகளைத் திருப்பியனுப்பும் சிறு சாதனங்களைப் பொருத்திக்கொண்டு பறப்பது வழமை. எனவே, அந்தப் பெருமையில் அவ்வளவு அர்த்தமில்லை.

ஆனால், விமானம் திருவனந்தபுரத்தில் நின்றுகொண்டிருந்த அதே வாரங்களில் இலண்டனில் வேறொன்று நிகழ்ந்தது. ஜூலை 11ஆம் திகதி பிரித்தானிய தேசிய கணக்காய்வு அலுவலகம் அந்நாட்டின் எப்-35 திட்டம் பற்றிய அறிக்கையொன்றை வெளியிட்டது. பாதுகாப்பு அமைச்சு இதுவரை பகிரங்கமாகச் சொல்லிவந்த செலவு 20 பில்லியன் பவுணுக்கும் குறைவானது. ஆட்பலம், எரிபொருள், உட்கட்டமைப்பு என்று சகலதையும் சேர்த்து, 2069 வரையான முழு ஆயுட்காலத்துக்கும் கணக்காய்வாளர்கள் கூட்டிப்பார்த்தபோது கிடைத்த தொகை 71 பில்லியன் பவுண். பறப்பதற்கும் பணியாற்றுவதற்கும் தயாராக இருக்கவேண்டிய நிலையிலும் விமானங்கள் அமைச்சு நிர்ணயித்த இலக்கின் பாதியளவையே எட்டியிருந்தன.

மழையில் நின்ற விமானத்தைப் பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேர் இந்த அறிக்கையைப் படித்தார்கள் என்பது சந்தேகமே. விமானந்தாங்கிக் கப்பல்களுக்காக ராடருக்குத் தப்பும் விமானங்களைச் செய்ய வல்லரசுகள் எடுத்துவரும் முயற்சியின் நான்கு தசாப்தகால வரலாற்றைப் புரட்டிப்பார்க்கும் எவருக்கும் ஓர் உண்மை புலப்படும். இந்த விமானங்கள் எதிரியின் ராடரை எந்தளவுக்கு ஏமாற்றும் என்பது இனிமேல்தான் முழுமையாகத் தெரியவேண்டும். அவற்றுக்குப் பணம் கொடுக்கும் சொந்த நாட்டு மக்களின் கண்களுக்கு அவை ஏற்கெனவே வெற்றிகரமாகத் தப்பிவிட்டன.

'ஸ்டெல்த்' என்று சொல்லப்படுவது மாயவித்தை அல்ல. தன்மீது வந்து விழும் ராடர் அலைகளை வந்த திசைக்கே திருப்பி அனுப்பாமல் வேறு திசைகளுக்குச் சிதறடிக்கும் வகையில் விமானத்தின் உருவம் வடிவமைக்கப்படுகிறது. எஞ்சிய அலைகளை உறிஞ்சிக்கொள்ளும் பூச்சு மேற்பரப்பில் இடப்படுகிறது. குண்டுகளும் ஏவுகணைகளும் இறக்கையின் கீழே தொங்காமல் வயிற்றறைக்குள் மறைத்துவைக்கப்படுகின்றன. இதனால் விமானம் ராடரில் அறவே தெரியாமல் போய்விடுவதில்லை. மிகவும் கிட்டிய தூரத்துக்கு வந்த பிறகே தெரியவருகிறது. அந்தச் சில நிமிடங்களே உயிர்பிழைப்பதற்கும் அழிவதற்கும் இடையிலான வேறுபாடு.

தரையில் இருந்து புறப்படும் விமானத்துக்கு இதைச் செய்வதே கடினம். கடலில் மிதக்கும் தளமொன்றில் இருந்து இயங்கவேண்டிய விமானத்துக்கு அது பன்மடங்கு கடினம். அமெரிக்கப் பெருங்கப்பல்களில் விமானம் கவண்பொறியினால் இரண்டு மூன்று விநாடிகளில் எறியப்படுகிறது. திரும்பி வரும்போது வாலடியில் உள்ள கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டப்பட்ட இரும்பு வடத்தைப் பற்றிப்பிடிக்க, முழுவேகத்தில் வந்த விமானம் நூறு மீற்றர் அளவிலான தூரத்துக்குள் நிறுத்தப்படுகிறது. அதைத் தாங்குவதற்கு உடற்கூடும் சில்லுகளும் வலுவாக இருக்கவேண்டும். வலு என்றால் எடை. குறைந்த வேகத்தில் இறங்குவதற்குப் பெரிய இறக்கை வேண்டும். பெரிய இறக்கையைக் கப்பலின் நெருக்கடியான இடத்துக்குள் வைப்பதற்கு அதை மடிக்கவேண்டும். மடிக்கும் இடத்தில் உண்டாகும் ஒவ்வொரு விளிம்பும் இடைவெளியும் ராடர் அலைக்கு அழைப்பிதழ் வைப்பது போன்றது. இவை போதாதென்று உப்புக்காற்று வேறு அந்தப் பூச்சை ஓயாமல் அரித்துக்கொண்டிருக்கும்.

இந்த முரண்பாட்டை முதலில் தீர்க்கப் புறப்பட்ட விமானத்தின் பெயர் ஏ-12 அவெஞ்சர். வியட்நாம் போர்க்காலத்து ஏ-6 இன்ட்ரூடர் விமானங்களின் இடத்தை நிரப்புவதற்காக 1980களின் முற்பகுதியில் அமெரிக்கக் கடற்படை அத்திட்டத்தைத் தொடங்கியது. மக்டொனல் டக்ளஸ், ஜெனரல் டைனமிக்ஸ் ஆகிய இரு கம்பனிகளுக்கும் 1988 ஜனவரியில் கூட்டாக ஒப்பந்தம் வழங்கப்பட்டது. உச்சவரம்பு சுமார் 4.8 பில்லியன் டொலர். அந்த விலைக்குச் செய்யமுடியாது என்று கருதிய போட்டிக் கம்பனிகள் இறுதி விலைமனுவைச் சமர்ப்பிக்காமலேயே விலகிக்கொண்டன. எவரும் கேள்வி கேட்டிருக்கவேண்டிய முதல் இடம் அதுவே. கேட்பதற்கு வழி இருக்கவில்லை. ஏனென்றால், அது 'கறுப்புத் திட்டம்' என்று சொல்லப்படும் அதியுயர் இரகசியத் திட்டங்களில் ஒன்று. காங்கிரஸ் உறுப்பினர்களில் மிகச் சிலருக்கே அதன் விபரம் காட்டப்பட்டது.

முக்கோண வடிவில் அமைந்த அந்த விமானத்தின் எடை திட்டமிட்டதைவிட சுமார் 8,000 இறாத்தல் கூடியது. கப்பலில் இருந்து இயங்கும் விமானத்துக்கு அது சிறிய விடயமல்ல. புதுவகைக் கலவைப் பொருட்களில் பெரிய பாகங்களைச் செய்வதில் கம்பனிகள் திணறின. 1990 ஏப்ரலில் அன்றைய பாதுகாப்புச் செயலாளர் டிக் செனி காங்கிரஸின் முன்னிலையில் தோன்றி, திட்டம் ஒழுங்காகச் செல்கிறது என்ற தொனியில் அறிக்கையளித்தார். ஐந்து வாரங்கள் கழித்து, சொன்ன காலத்துக்குள்ளும் சொன்ன விலைக்குள்ளும் முடிக்க இயலாது என்று கம்பனிகள் கடற்படைக்கு அறிவித்தன. செனி பொய் சொல்லவில்லை. அவருக்கே உண்மை சொல்லப்பட்டிருக்கவில்லை. கெட்ட செய்தி கீழ்மட்டத்தில் பலருக்குத் தெரிந்திருந்தும் மேலே செல்லவில்லை என்பதைப் பின்னர் நடைபெற்ற உள்ளக விசாரணை வெளிப்படுத்தியது.

1991 ஜனவரி 7ஆம் திகதி, வளைகுடாப் போர் தொடங்குவதற்குப் பத்து நாட்கள் இருக்கையில், செனி அத்திட்டத்தையே இரத்துச் செய்தார். இதை முடிப்பதற்கு இன்னும் எவ்வளவு செலவாகும் என்று எவராலும் தனக்குச் சொல்லமுடியவில்லை என்பதே அவர் கூறிய காரணத்தின் சாரம். பில்லியன் கணக்கில் டொலர்கள் செலவாகியிருந்தன. ஒரு விமானம்கூட நிலத்தை விட்டு எழும்பவில்லை. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையிழந்து வீடு திரும்பினர்.

கதை அத்துடன் முடியவில்லை. அடுத்துவந்த பகுதியே இக்கட்டுரையாளரின் கவனத்தை மிகவும் ஈர்த்தது. கொடுத்த பணத்தில் 1.35 பில்லியன் டொலரைத் திருப்பித் தருமாறு அரசாங்கம் கேட்டது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. எப்-117, பி-2 ஆகிய முந்திய விமானங்களின் மூலமாக ஸ்டெல்த் நுட்பம் பற்றிப் பெற்ற அறிவை அரசாங்கம் தங்களுடன் பகிர்ந்துகொள்ளவில்லை. அது கிடைத்திருந்தால் இந்தத் தாமதமும் எடை அதிகரிப்பும் நேர்ந்திருக்காது என்பது அவர்களின் முக்கிய வாதங்களில் ஒன்று. அந்த வாதம் சரியா பிழையா என்று தீர்மானிப்பதற்கு நீதிமன்றம் அந்த அறிவு என்ன என்பதைப் பார்க்கவேண்டும். அது அரச இரகசியம், பார்க்கமுடியாது என்று அரசாங்கம் சொன்னது. 2011 மே மாதத்தில் அமெரிக்க உயர்நீதிமன்றம் ஏகமனதாக ஒரு முடிவுக்கு வந்தது. இரகசியத்தின் காரணமாக உண்மையைக் கண்டறிய முடியாதிருப்பதால் இரு தரப்பினரும் வழக்குத் தொடுத்த நாளில் எந்த நிலையில் நின்றார்களோ அந்த நிலையிலேயே விடப்படுகிறார்கள் என்பதே அந்தத் தீர்ப்பின் பொருள். கடைசியில் 2014 ஜனவரியில், இருபத்துமூன்று வருடங்களுக்குப் பிறகு, 400 மில்லியன் டொலர் பெறுமதியான பொருட்களும் சேவைகளும் தருவதாகக் கம்பனிகள் சம்மதிக்க, வழக்கு இணக்கமாக முடித்துவைக்கப்பட்டது. மக்டொனல் டக்ளஸ் கம்பனியை அதற்கிடையில் வாங்கிவிட்ட போயிங், தனது பங்குக்கு மூன்று விமானங்களைக் கொடுத்தது.

ஒரே இரகசியம் மூன்று தடவைகள் வேலை செய்திருக்கிறது என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். முதலில் அது விமானத்தைச் செய்தவர்களுக்குத் தேவையான அறிவைத் தடுத்தது அல்லது தடுத்ததாக அவர்கள் கூறுவதற்கு இடமளித்தது. பிறகு திட்டம் தோற்றுக்கொண்டிருக்கிறது என்ற செய்தியை மக்கள் பிரதிநிதிகளிடம் இருந்து தடுத்தது. ஈற்றில் யார் பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்மானிப்பதையும் தடுத்தது. எதிரியின் ராடரை ஒருபோதும் சந்தித்திராத விமானம் இவ்வளவையும் சாதித்தது.

அதற்குப் பிறகு வந்தது எப்-35. 2001 ஒக்டோபரில் லொக்ஹீட் மார்ட்டின் கம்பனிக்கு ஒப்பந்தம் கிடைத்தபோது ஒரே அடிப்படை வடிவில் மூன்று வகைகள், பாகங்களில் பெரும்பகுதி பொதுவானவை, அதனால் செலவு குறைவு என்று வாக்குறுதி அளிக்கப்பட்டது. விமானப்படைக்கு 'ஏ', குறுகிய ஓட்டத்தில் எழும்பிச் செங்குத்தாக இறங்குவதற்கு 'பி', கவண்பொறியும் வடமும் உள்ள பெருங்கப்பல்களுக்கு 'சி'. திருவனந்தபுரத்தில் நின்றது 'பி'. அமெரிக்கக் கடற்படையின் 'சி' வகையின் இறக்கை நீளம் சுமார் 13 மீற்றர். 'ஏ' வகையினதோ 11 மீற்றருக்கும் குறைவு. வேலை வேறாக இருந்ததால் விமானங்களும் வெவ்வேறாகவே வளர்ந்தன. பாகங்கள் பொதுவாக இருக்கும் என்ற வாக்குறுதி காற்றில் போனது.

கொக்கியின் கதை ஒன்று போதும். ராடருக்குத் தெரியாமல் இருக்க அது கதவுகளுக்குப் பின்னால் உடலுக்குள் மறைந்திருக்கவேண்டும். அது அமைந்த இடமோ பின்சில்லுகளுக்கு மிகவும் கிட்ட, சுமார் ஏழு அடி தூரத்தில். சில்லுகள் ஏறி நசித்துவிட்டுச் சென்ற வடம் திரும்பவும் எழும்புவதற்குள் கொக்கி அதைக் கடந்து போய்விட்டது. 2011ஆம் ஆண்டின் பரிசோதனையில் எட்டுத் தடவைகள் முயன்று எட்டுத் தடவைகளும் வடத்தைப் பிடிக்க முடியவில்லை. இது பென்டகனின் உள்ளக மீளாய்வு அறிக்கையொன்று வெளியே கசிந்ததனால் பரவலாகத் தெரியவந்தது. கொக்கி மாற்றியமைக்கப்பட்டு 2014 நவம்பர் 3ஆம் திகதி நிமிட்ஸ் கப்பலில் விமானம் வெற்றிகரமாக இறங்கியது. 2012இல் சேவைக்கு வரும் என்று ஆரம்பத்தில் கூறப்பட்ட 'சி' வகை 2019 பெப்ரவரியில்தான் தயார்நிலையை அடைந்ததாக அறிவிக்கப்பட்டது. 2021 ஓகஸ்டில் கார்ள் வின்சன் கப்பலுடன் அதன் முதற்பயணம். 2024 நவம்பரில் ஏபிரகாம் லிங்கன் கப்பலில் இருந்து சென்று யெமனில் ஹூதிகள் மீது நடத்திய தாக்குதலே அதன் முதற்போர்.

அமெரிக்காவின் மூன்று வகை எப்-35 விமானங்களையும் அவற்றின் ஆயுள் முழுவதும் பராமரிப்பதற்கான செலவு 2018இல் 1.1 ட்ரில்லியன் டொலர் என்று மதிப்பிடப்பட்டது. 2023இல் அது 1.58 ட்ரில்லியனாகியது. காங்கிரஸின் கணக்காய்வு நிறுவனம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட தகவல் இது. ஐந்து வருடங்களில் கூடியது ஏறக்குறைய அரை ட்ரில்லியன். அந்தத் தொகையை மனதில் வாங்கிக்கொள்வது எவருக்கும் எளிதல்ல. அதுவே அதன் பாதுகாப்புக் கவசம். ஆயிரம் ரூபா திருடியவனைத் தெருவில் கட்டிவைத்து அடிக்கின்ற உலகம், வாயால் சொல்லமுடியாத தொகை காணாமல்போகும்போது வாய்மூடி நிற்கிறது.

2022 ஜனவரி 24ஆம் திகதி தென்சீனக் கடலில் அதே கார்ள் வின்சன் கப்பலில் இறங்க முயன்ற எப்-35சி ஒன்று தளத்தின் விளிம்பில் மோதி, சறுக்கிச் சென்று கடலில் விழுந்தது. விமானி பாய்ந்து தப்பினார். அவர் உட்பட ஏழு பேர் காயமடைந்தனர். விபத்து நேர்ந்ததைக் கடற்படை உடனே அறிவித்தது. ஆனால், அது எவ்வாறு நேர்ந்தது என்பதை உலகம் கண்டது கசிந்த காணொளி ஒன்றின் மூலமாகவே. அதைக் கசியவிட்டதாகக் கடற்படையினர் ஐவர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. விமானத்தையோ எதிராளிகள் எடுத்துவிடக்கூடாது என்று 12,400 அடி ஆழத்தில் இருந்து மார்ச் மாதத் தொடக்கத்தில் மீட்டெடுத்தார்கள். கடலின் அடியில் கிடந்த இரகசியத்தைக் காப்பாற்ற அவர்கள் எடுத்த பிரயத்தனத்தை நாம் குறைகூற முடியாது. அந்த இரகசியம் நியாயமானது. பூச்சின் கலவையும் உணரிகளின் திறனும் எவருக்கும் தெரியத்தேவையில்லை. ஆனால், விபத்தின் காட்சி எந்த எதிரிக்கு உதவும்? விமானம் எத்தனை நாள் பழுதாகக் கிடந்தது, பராமரிக்க எவ்வளவு செலவாகிறது என்பது எந்த எதிரிக்கு உதவும்?

எதிரிக்கு உதவக்கூடிய இரகசியங்களோ வேறு வழியாகவே போய்விட்டன. கனடாவில் 2014இல் கைதுசெய்யப்பட்டு அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட சீன நாட்டவர் ஒருவர், அமெரிக்கப் போக்குவரத்து விமானம் ஒன்றினதும் சில போர்விமானங்களினதும் தரவுகளைக் கணினி ஊடுருவல் மூலம் திருடுவதற்குச் சதிசெய்ததாக 2016இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சொந்த நாட்டு மக்களுக்கு எட்டாமல் பூட்டிவைக்கப்பட்டது போட்டியாளனின் கைக்கு எட்டுவதைப் பூட்டினால் தடுக்க முடியவில்லை.

அந்தப் போட்டியாளன் இப்போது தனது சொந்த விமானத்துடன் கடலுக்கு வந்துவிட்டான். சீனாவின் ஜே-35, 2021 ஒக்டோபரில் முதற்தடவையாகப் பறந்தது. 2025 செப்டெம்பரில் பூஜியன் என்ற புதிய விமானந்தாங்கிக் கப்பலில் இருந்து மின்காந்தக் கவண்பொறியினால் அது ஏவப்படும் காட்சிகளைப் பெய்ஜிங் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பர் 5ஆம் திகதி ஹைனான் தீவில், ஜனாதிபதி சி ஜின்பிங்கின் முன்னிலையில், 80,000 தொன் எடையுள்ள அந்தக் கப்பல் சேவையில் இணைக்கப்பட்டது. அமெரிக்கக் கடற்படைக்கு இது பெரிய சவால் என்று எல்லோரும் எழுதினார்கள். சவால்தான். ஆனால், ஜே-35 எத்தனை தடவைகள் தடுமாறியது, எவ்வளவு எடை கூடியது, எந்தக் கொக்கி எந்த வடத்தைத் தவறவிட்டது என்று எவரும் எழுதவில்லை. எழுத அங்கே எவருக்கும் அனுமதியில்லை. அங்கே கணக்குக் கேட்கும் பாராளுமன்றம் இல்லை. கசியும் அறிக்கையைப் பிரசுரிக்கும் பத்திரிகை இல்லை. மக்களுக்குக் காட்டப்படுவது அணிவகுப்பும் காணொளியும் மாத்திரமே.

சீனாவைப் பாருங்கள், அவர்கள் எவ்வளவு வேகமாகச் செய்கிறார்கள், நாங்கள் கணக்காய்வு, விசாரணை என்று காலத்தைக் கடத்துகிறோம் என்று வாஷிங்டனிலும் இலண்டனிலும் சிலர் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். இது ஆபத்தான வாதம். ஏ-12 விமானம் கணக்காய்வினால் தாமதமாகவில்லை. கணக்காய்வு இல்லாததனால் செத்துப்போனது. எப்-35சியின் கொக்கி, குறை பகிரங்கமான பின்னர் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு நடுவிலேயே திருத்தப்பட்டு வடத்தைப் பிடித்தது. குறையைச் சொல்பவனை விரோதியாகப் பார்க்கும் படைத்துறை கடைசியில் குறையுள்ள ஆயுதத்துடனேயே போருக்குப் போகும். அதில் ஏறிச்செல்பவர் கணக்கை மறைத்த அதிகாரி அல்ல, யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை.

அமெரிக்கக் கடற்படையின் அடுத்த தலைமுறை விமானமான எப்/ஏ-எக்ஸ்எக்ஸ் பற்றியும் இப்போது இதே இருள் சூழ்ந்திருக்கிறது. 2025இல் பென்டகன் அத்திட்டத்துக்குக் கேட்ட தொகை வெறும் 74 மில்லியன் டொலர். விமானப்படையின் எப்-47இற்குக் கேட்டதோ 3.5 பில்லியன். காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. கடற்படைக்கு அப்படியொரு விமானம் தேவையா இல்லையா என்பது நியாயமான விவாதம். இன்றைய விமானங்கள் சென்றுதிரும்பக்கூடிய தூரத்தைவிட சீனாவின் கப்பலழிப்பு ஏவுகணைகளின் வீச்சு பல மடங்கு கூடியது என்பதும் உண்மையே. ஆனால், அந்த விவாதத்தை நடத்தவேண்டிய மக்களுக்கு அந்த விமானத்தின் விலையும் தெரியாது, ஏ-12இன் கதையும் நினைவில்லை.

இவ்விடத்தில் இக்கட்டுரையாளர் தனது தொழில் அனுபவத்தைச் சிறிது சொல்லவேண்டியிருக்கிறது. இலங்கையில் போர்ச்செய்திகளுக்குத் தணிக்கை நடைமுறையில் இருந்த காலத்தில் தணிக்கை அதிகாரியின் மேசைக்குச் சென்று திரும்பும் பக்கங்களை இரவில் காத்திருந்து வாங்கியவர்களில் நானும் ஒருவன். படைகள் நிற்கும் இடம், நகரும் திசை போன்றவை வெட்டப்படும் என்பது எதிர்பார்த்ததே. அதில் எமக்கு முறைப்பாடு இல்லை. ஆனால், சில நாட்களில் கொள்வனவு செய்யப்பட்ட தளபாடம் ஒன்றின் விலையும் வெட்டப்பட்டிருக்கும். விலை தெரிந்தால் எந்தப் படைமுகாம் விழுந்துவிடும் என்று கேட்பதற்கு அந்த நேரத்தில் எவருக்கும் துணிவில்லை. 2006இல் உக்ரேனில் இருந்து நான்கு மிக்-27 விமானங்களை அரசாங்கம் கொள்வனவு செய்த விவகாரத்தைக் கிளறி எழுதிய பத்திரிகைகளில் 'சண்டே லீடர்' ஒன்று. அதன் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் திகதி பட்டப்பகலில் வீதியில் கொல்லப்பட்டார். அக்கொலையின் காரணத்தைத் தீர்மானிக்கவேண்டியது நீதிமன்றம். அதற்காக இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. தேசத்தின் பாதுகாப்பு என்ற போர்வையைத் தூக்கிப்பார்ப்பது வறிய நாட்டிலும் வல்லரசிலும் ஒரே அளவு இலகுவானதல்ல என்பதை எடுத்துக்காட்டவே இதைக் குறிப்பிட்டேன். வாஷிங்டனில் கசியவிட்டவர் வழக்கைச் சந்திக்கிறார். வேறு இடங்களில் எழுதியவரின் கதி என்ன என்பது எமக்குத் தெரியும்.

தமிழர்கள் இதைப்பற்றி ஏன் கவலைப்படவேண்டும் என்று கேட்பவர்களும் இருப்பார்கள். இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் பெரும்பாலானோர் வரி செலுத்துவது கொழும்புக்கோ சென்னைக்கோ அல்ல. பிரித்தானியாவில் வாழ்பவர்களின் கணக்கை மேலே பார்த்தோம். விமானந்தாங்கிக் கப்பல் இல்லாத நாடுகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்த தரைவகையான எப்-35ஏ விமானத்தை வாங்குகின்றன. கனடா 88 விமானங்களை வாங்குவதற்கு 19 பில்லியன் கனடிய டொலர் என்று கூறியது. அது 27.7 பில்லியனாகிவிட்டது என்று அந்நாட்டின் கணக்காய்வாளர் நாயகம் 2025 ஜூனில் அறிவித்தார். சுவிட்சர்லாந்தில் 2020 செப்டெம்பரில் புதிய போர்விமானங்களுக்கு ஆறு பில்லியன் பிராங் செலவிடுவதை மக்கள் சர்வஜன வாக்கெடுப்பில் மயிரிழையில் அங்கீகரித்தனர். பிறகு 36 எப்-35ஏ விமானங்கள் தெரிவாகின. விலை நிலையானது, கூடாது என்று அரசாங்கம் திரும்பத்திரும்ப உறுதியளித்தது. அப்படியொரு உடன்பாடு இல்லை என்று அமெரிக்கா கருதுவது 2025இல் வெளிச்சத்துக்கு வந்தது. அவுஸ்திரேலியாவும் நோர்வேயும் தங்கள் விமானங்களை ஏற்கெனவே பெற்றுவிட்டன. அதிகாலையில் எழுந்து பனியில் வேலைக்குப் போய் உழைத்த பணத்தின் ஒரு பங்கு அந்தக் கணக்கில் இருக்கிறது.

இந்நாடுகளின் படைகள் ஆயுதம் வாங்கக்கூடாது என்பது என் வாதமல்ல. உலகம் அவ்வளவு நல்லதாக மாறிவிடவில்லை. போரை அருகில் இருந்து பார்த்த எவரும் வான்பலம் என்பது விளையாட்டுப் பொருள் என்று சொல்லமாட்டார்கள். கேட்பதெல்லாம் ஒரு சிறிய பிரிவினை. எதிரி அறிந்தால் எங்கள் விமானி சாவான் என்று சொல்லக்கூடிய விடயங்களை மறையுங்கள். எங்கள் மக்கள் அறிந்தால் எங்கள் அதிகாரியின் பதவி போகும் என்பதற்காக மறைப்பவற்றை வெளியே வையுங்கள். எடை, காலதாமதம், பழுது, விலை ஆகிய நான்கும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. இவற்றை வருடந்தோறும் பாராளுமன்றத்தின் முன்னால் வைக்கவேண்டும் என்று சட்டம் இருந்தால் எந்த ராடரும் கூடுதலாக எதையும் கண்டுவிடப்போவதில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை உள்ள நாடுகளில் வாழும் எமது மக்களில் பலர், அந்த உரிமை இல்லாத நாட்டில் இருந்து ஓடிவந்தவர்கள். உங்கள் தொகுதி உறுப்பினர் கோயில் திருவிழாவுக்கும் பொங்கல் விழாவுக்கும் வருகின்றபோது பொன்னாடை போர்த்துவதில் தவறில்லை. போர்த்திய பிறகு இதையும் ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.

திருவனந்தபுரத்தில் நின்ற விமானத்தின் படத்தைப் பார்க்கும்போது எனக்கு ஒரு விடயம் தோன்றுவதுண்டு. பல தசாப்தங்களாக மூடிய கதவுகளுக்குப் பின்னால் உருவாக்கப்பட்ட பொருளொன்று, பழுதடைந்த நிலையில், திறந்த வெளியில், டில்லிக்கும் துபாய்க்கும் போகும் பயணிகள் யன்னலால் எட்டிப்பார்க்கக்கூடிய தூரத்தில் அத்தனை நாட்கள் நின்றது. அதனால் பிரித்தானியாவின் பாதுகாப்புக்கு எந்தக் கேடும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. வெட்கம் மாத்திரமே நேர்ந்தது. வெட்கத்தையும் ஆபத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதிருக்க அரசாங்கங்கள் பழகிக்கொண்டால் வரிசெலுத்துவோரின் பணம் ஓரளவுக்கேனும் மிஞ்சும்.